இரண்டாவது பிரேக் இல்லாத லாரி

மாதனூரிலிருந்து ஷூ கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான். அந்த பஸ்ஸுக்கு டிரைவர் வேண்டும், பெண் என்றாலும் எடுத்துக்கொள்வோம் என்று மேனேஜர் சொன்னதும் கை தூக்கிவிட்டேன். கார் லைசென்ஸ் இருந்தது. பஸ் ஓட்டத் தேவையான ஹெவி லைசென்ஸுக்கு அனுமதி பெற்ற பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ் வேண்டும். ஆம்பூரில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன்.

அங்கே இருந்தது ஒரே ஒரு பழைய லாரி. கற்பவர் தடுமாறினால் மிதிப்பதற்கு, பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்க வேண்டும். அது இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டும்போது பாலத்து ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டது. பின்னால் ஒரு ஆட்டோ, அதற்குள் குழந்தையோடு ஒருத்தி. மாஸ்டர் பாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். "ஒண்ணும் இல்லம்மா, பயம் ஜாஸ்தி ஆனா கால் வராது" என்றார்.

பயிற்சி முடியும் சமயத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். லாரிக்குள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"போட்டுர்றோம் சார், மெக்கானிக்காண்ட சொல்லிட்டேன்" என்றார் பள்ளி முதலாளி.

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

பள்ளியின் அனுமதியை அங்கேயே நிறுத்திவைத்தார். நான் அவர் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடினேன்.

"சார், எனக்கு டெஸ்ட்டு மட்டும்தான் பாக்கி. ஓட்டிக் காட்றேன், பாருங்க சார்."

அவர் கோபப்படவில்லை. "நீங்க நல்லா ஓட்டுவீங்கம்மா. ஆனா இங்க சர்டிபிகேட் குடுக்க முடியாது. வேற ஸ்கூல்ல முதல்லேருந்து சேருங்க."

"வேலூருக்குத்தான் போவணும் சார். ஷிஃப்ட்ட விட்டுட்டு எப்படி போறது?"

ஜீப்பில் ஏறிக் கிளம்பினார். அவர் செய்ததும் தப்பில்லை. அந்த ஆட்டோவில் ஒரு குழந்தை இருந்ததே.

பள்ளி முதலாளி போனை எடுக்கவே இல்லை. மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். "நான் இன்னாமா பண்ணுவேன், எனக்கே வேல போச்சு" என்று டீ கொடுத்து அனுப்பினார்.

மேனேஜர் கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு ஒடுகத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் டிரைவராக வந்தார். நல்லவர், வண்டியும் பதமாக ஓட்டுவார். முதல் நாள் அவருக்கு வழி தெரியவில்லை. "அக்கா, நீங்க முன்னாடி வந்து ஒக்காந்து சொல்றீங்களா?" என்றார்.

முன்னால் போய் உட்கார்ந்து, எங்கெங்கே யார் யார் நிற்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன்.