அலோனுக்குக் கீழே கிடப்பது

ரங்கூன் ஆற்றில் முங்கிச் சாமான் எடுக்கும் தொழிலில் கண்ணுக்கு வேலை இல்லை. ஒரு முழம் இறங்கினாலே சேற்று இருட்டு, அப்புறம் கைதான் கண். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள், நமக்கோ அதுதான் பிழைப்பே. பெண்டாட்டியை நம்பி வாழும் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது புரியும்.

மூச்சு யார் கையில்

நான் இறங்கினால் மேலே எங்கள் சம்பான் படகில் என் பெண்டாட்டி சபூரா. காற்றடிக்கும் எஞ்சின் அவள் பொறுப்பு, என் வாய் வரைக்கும் வரும் பிளாஸ்டிக் குழாயும் அவள் கையில். நான் ஒரு இழுப்பு இழுத்தால் 'சரி' என்று அர்த்தம். அவள் மூன்று இழுப்பு இழுத்தால் 'போட்டது போட்டபடி மேலே வா'.

அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தண்ணீரில் இறங்கும் நாளில் சண்டை கிடையாது. வாரம் முழுக்கச் சேர்த்து வைத்து, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் மொத்தமாகப் போட்டுக்கொள்வோம். க்யிம்யிண்டைங் துறையில் லாஞ்சு வைத்திருந்த பர்மாக்காரர் ஊ தெய்னுக்கு இது தெரியும். அவர் லாஞ்சிலிருந்து கழன்று ஆற்றில் விழுந்த காற்றாடியை எடுத்துக் கொடுத்த ஒரு வியாழக்கிழமை அவர் என்னைப் பாவமாகப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்குப் போட வேண்டிய சண்டை அந்தம்மாவுக்கு இன்னைக்கே ஞாபகம் வந்துட்டா, நீ என்ன ஆவே?"

ஒரு மணி நேரம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள். அலோன் துறைக்குக் கொஞ்சம் கீழே, மணல் படகு ஒன்றின் நங்கூரம் சிக்கிக்கொண்டது. பாறை என்றார்கள். இறங்கித் தடவினால் மரம். விலா எலும்பு மாதிரி வளைந்த ஒரு கட்டை, ஒரு முழம் தள்ளி இன்னொரு விலா, அப்படியே போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு மொட்டைப் பாய்மரம். கட்டிப் பிடித்துப் பார்த்தேன், என் இரண்டு கையும் ஒன்றையொன்று தொடவில்லை. எவ்வளவு பெரிய பாய்மரக் கப்பல். எப்போது முழுகியதோ, யார் யார் இருந்தார்களோ. துறையில் ஒருத்தருக்கும் அதைப்பற்றித் தெரியாது.

மேலே வந்ததும் சொன்னேன். சபூரா "இரும்பு இருக்கா?" என்றாள். பழைய இரும்புக்குத்தானே ஆள் வருவார்கள். இல்லை, எல்லாம் மரம் என்றேன். எஞ்சினை அணைத்துவிட்டு அவள் சொன்னது: "ஒரு மணி நேரமா மரத்தத் தடவிட்டா வர்றீங்க?"

செட்டியாரின் மூக்கு

அந்தக் கப்பலிலிருந்து என் கையோடு வந்த ஒரு மரத்துண்டைச் சம்பானில் டீ கிளாஸ் வைக்கப் போட்டிருந்தேன். மரக்கடை செட்டியாரின் சங்கிலி ஆற்றில் விழுந்து, அதை எடுத்துக் கொடுத்த நாளில் அவர் அந்தத் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் கீறினார். முகர்ந்தார். பழுத்த தேக்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கே கிடைத்தது என்று கேட்டார், அலோன் பக்கம் ஒரு கப்பல் என்று உளறிவிட்டேன்.

எங்கள் எஞ்சின் அப்போது கோழைக்காரக் கிழவன் மாதிரி இருமிக்கொண்டிருந்தது. அது நின்றால் நானும் நிற்க வேண்டியதுதான். அதைக் காதால் கேட்டுக்கொண்டே செட்டியார் சொன்னார்: "இடத்தை மட்டும் காட்டுங்க பாய், புது எஞ்சின் என் பொறுப்பு."

புதன்கிழமைச் சண்டை

காட்டிவிடலாம் என்றேன் நான். கூடாது என்றாள் சபூரா. "அதுல எத்தனை பேர் முழுகிப் போனாங்களோ. செத்தவங்க கபுரத் தோண்டித்தான் எஞ்சின் வாங்கணுமா?" அன்று புதன்கிழமை. வெள்ளி வரை பொறுத்திருக்க வேண்டும், பொறுக்கவில்லை. அன்றைய வேலை அலோன் துறையில், அங்கே போய்ச் சேரும் வரை சண்டை. கனத்துக்கு இடுப்பில் இரும்பைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

கீழே போய்க் கொஞ்ச நேரத்தில் குழாயில் மூன்று வெட்டு இழுப்பு. கோபத்தை இதில் காட்டுகிறாள் என்று நினைத்தேன். பாருங்கள் என் புத்தியை. நானும் பதிலுக்கு வெடுக்கென்று ஒன்று இழுத்தேன். மறுபடி மூன்று. மறுபடி நான் ஒன்று. அப்புறம் குழாய் என்னையே இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தது. சேற்றில் குப்புற விழுந்து உருள்கிறேன். பல்லால் குழாயைக் கடித்துக்கொண்டு, சாவு வந்துவிட்டது என்று கலிமா சொல்லத் தொடங்கிவிட்டேன். அப்போது சட்டென்று எல்லாம் நின்றது.

குழாயைப் பிடித்து ஏறி வந்தேன். அறுத்துக்கொண்டு வந்த மூங்கில் தெப்பம் ஒன்று மோதி, நங்கூரம் பெயர்ந்து, சம்பான் கடலுக்கு இறங்கும் வற்றத்தோடு கீழே ஓடியிருக்கிறது. சபூரா சாய்ந்த எஞ்சினைக் காலால் முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எஞ்சினின் புகைக்குழாய் பட்டுக் கெண்டைக்கால் வெந்திருந்தது, எஞ்சின் மட்டும் நிற்கவில்லை. நான் அழுதேன். அவள் கேட்டாள்: "கீழ போயும் எதிர்ப்பேச்சா?"

நங்கூரம்

சம்பான் ஏன் நின்றது என்று மறுநாள் தண்ணீர் ஓடாமல் நின்ற நேரத்தில் இறங்கிப் பார்த்தேன். எங்கள் நங்கூரம் அந்தக் கப்பலின் விலா ஒன்றில் மாட்டியிருந்தது. விலா பாதி விண்டிருந்தது, விடவில்லை. இன்னும் நாலு ஆள் நீளம் சம்பான் ஓடியிருந்தால் குழாய் என் வாயை விட்டுப் போயிருக்கும். விற்கப் பார்த்தவனைத்தான் அது பிடித்து நிறுத்தியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. அந்த விலாவின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

நங்கூரத்தைக் கழற்றினால் விலா முழுசாக முறியும். கயிற்றை மட்டும் அறுத்துக்கொண்டு மேலே வந்தேன், புது நங்கூரத்துக்கு எங்கே போவது என்று தெரியாமலே. சபூரா அறுந்த கயிற்று நுனியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "இருக்கட்டும்," என்றாள். "அதுக்கும் பிடிச்சுக்க ஒண்ணு வேணுமில்ல."

செட்டியார் மறுபடி

செட்டியார் விடவில்லை. சம்பானில் வந்து உட்கார்ந்து, "என்ன முடிவு பண்ணீங்க?" என்றார். அலோன் பக்கம் வெறும் சேறு என்றேன் நான். சேறுதான் என்றாள் சபூரா அதே மூச்சில். அந்தத் துண்டு எங்கே என்று கேட்டார். அடுப்பில் போய்விட்டது என்றேன், அவருடைய டீ கிளாஸ் அதன்மேல்தான் இருந்தது.

செட்டியார் கிளாஸைப் பார்த்தார். சபூராவின் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். டீயை நிதானமாகக் குடித்து முடித்து, கிளாஸை அதன்மேலேயே பத்திரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "இல்லாத ஒண்ணுக்காக நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு ஒத்துமையா இருக்கீங்களே, அதுவே போதும் பாய்."

இத்தனை வருஷத்தில் ஆற்றுக்கடியிலிருந்து நான் எடுத்துவந்த பெரிய சாமான் நானேதான், அதற்குக் கூலியாக ஒரு நங்கூரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அந்தக் கப்பல் இன்னும் யார் கைக்கும் அகப்படாமல் கிடக்கிறது.