விளக்கைக் குறைக்கிற கடை

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணும், பாதி மறந்தும் போகும், கோபிக்காமல் வாசியுங்கள். மெல்போர்னில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பெரிய கடை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அங்கே பாதி விளக்கை அணைத்து, பாட்டையும் நிறுத்திவிடுவார்கள். முதல் தடவை கரண்டு போய்விட்டது என்று பயந்து மருமகள் கவிதாவின் கையைப் பிடித்தேன். "நம்ம நிலா மாதிரிப் பிள்ளைகளுக்காக அத்தே. ஒரு மணி நேரம் இப்படித்தான்" என்றாள். நிலா என் பேத்தி, ஐந்து வயது. ஆட்டிசம் என்று இங்கே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சத்தமும் வெளிச்சமும் அவளுக்கு ஆகாது. ஒரு பிள்ளைக்காக ஒரு கடையே வாயை மூடுகிறது. பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

சாத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் வெடிமருந்து செலுத்தினேன். மூத்தவன் பாண்டி. கம்பெனியில் சோதனைக்கு ஒரு வெடி போட்டால் போதும், வீட்டில் அரிசி டிரம்முக்குள் இறங்கி மூடியை இழுத்துக்கொள்வான். பேச்சு வெகுநாள் வரவில்லை. "ஏலே, வெடிக்குப் பயந்தவன் இந்த ஊர்ல வந்தா பொறக்கணும்?" என்று தெருவே சிரிக்கும். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிரகணத்தில் காய் நறுக்கினேன் என்றாள் மாமியார். நேர்த்திக்கடன் பாக்கி என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. என் வீட்டுக்காரர் சொன்னதுதான் நின்றது: "வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு மருந்துல கெடந்தேல்ல, அதான்." அந்த மருந்துக் கூலியில்தான் அவர் சாப்பிட்டார். ஆனாலும் நான் நம்பினேன். நாற்பது வருஷம் என் கையைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பு.

சின்னவன் செல்வத்துக்கு விருதுநகரில் பெண் அமைந்தது, இந்தக் கவிதாதான். பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதற்கு முந்தின நாள், பாண்டியை மல்லாங்கிணற்றில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்கு பஸ் ஏற்றினோம். "நாலு நாள்தான்லே" என்று சொல்லித்தான் ஏற்றினேன். கல்யாணத்தில் அவனைத் தங்கச்சி மகன் என்று சொன்னோம். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. மானாவாரிக் காடு, வெடிச் சத்தம் கிடையாது, அங்கே அவனுக்கு நல்லதுதான் என்று சொல்லிக்கொள்வேன். அது உண்மையும்கூட. அதுதான் இன்னும் கசக்கிறது.

இங்கே நிலாவுக்கு எழுதிக் கொடுத்த நாளிலிருந்து செல்வம் பழியைக் கவிதா மேல் போட்டான். மாசமாக இருக்கும்போது காய்ச்சல் மாத்திரை தின்றாய் என்பான், பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாய் என்பான். டாக்டரம்மா இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. பாண்டி மாதிரிக் கூடப் பிறந்த அண்ணனை வைத்துக்கொண்டு இதைச் சொன்னான். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். கவிதா நிலாவோடு விளையாட்டு அறையில் இருந்தாள். டாக்டரம்மா ஏதோ கேட்டார், செல்வம் "நோ, நோ" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் தொட்ட மருந்துதான் ரத்தத்துல எறங்கிச்சான்னு கேளுலே" என்று இரண்டு கையையும் நீட்டினேன். அவன் என்னமோ சொன்னான். டாக்டரம்மா என் விரல்களைப் பாவமாகப் பார்த்து ஒரு களிம்பின் பேரை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும், "கைல அரிப்புன்னு சொல்லிட்டேன். யம்மா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றான்.

வீட்டுக்கு வந்து கவிதாவிடம் விசாரித்தேன். இரண்டு குடும்பத்திலும் இப்படி யாராவது உண்டா என்றுதான் அங்கே கேட்பார்களாம். அடுத்த செவ்வாய் கடையில், பால் அலமாரிக்கு முன்னால், அவளிடம் சொன்னேன்: "மல்லாங்கிணத்துப் பாண்டி என் தங்கச்சி மகன் இல்ல தாயி. நான் பெத்தவன்."

பால் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள். "இது ரத்தவழியில நெறைய வருமாம். இன்னதுதான்னு ஒத்தக் காரணத்தக் காட்ட முடியாதாம். தாய் செஞ்ச தப்பு இல்லவே இல்லையாம். ரெண்டு வருஷமா நான் தின்ன மாத்திரைய எண்ணிக்கிட்டுக் கெடந்தேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?" என்றாள். பிறகு மெதுவாக, "கத்தக்கூட முடியாத எடத்துல வந்து சொல்லுதீகளே அத்தே" என்றாள்.

அதுவும் சரிதான். அதற்காகத்தான் அந்த இடம் வரைக்கும் காத்திருந்தேன்.

செல்வம் என்னோடு பேசுவதில்லை. நான் வைத்த குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிறான். கவிதாவும் என்னை மன்னித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் படிவத்தை எடுத்து, நிலாவின் பேருக்குக் கீழே பாண்டியின் பேரை எழுதினாள். என் மூத்தவன் காகிதத்திலாவது இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான். இங்கே கடையில் விளக்கைக் குறைக்கிற நேரம் அங்கே பொழுது விடியும்; அவன் எழுந்து காட்டுப் பக்கம் போயிருப்பான்.

பாண்டி எந்த வயதில் பேசினான், முதல் வார்த்தை என்ன என்று படிவத்தில் கேட்டிருக்கிறது. ஆறு வயது, கம்பெனியில் வெடி போட்ட ஒரு நாள், "போதும்" என்றான் என்று எனக்கு நினைப்பு. நிச்சயமில்லை. இதை வாசிக்கிறவர்களோடு நீயும் இருந்தால், என் மல்லாங்கிணற்றுத் தங்கச்சி மகளே, உன் அம்மாவிடம் கேட்டுச் சரிபார்த்துச் சொல்லு. அந்தக் கட்டத்தைக் கவிதா இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறாள்.