உள்ளதைக் காட்டும் என்று கேட்டோம்

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எங்கள் வீட்டில் வெள்ளம் தலைக்கு மேலே போகவில்லை. ஆறு மாதக் குழந்தையின் தலைக்கு உள்ளே இருந்தது. அதனால் சாண், முழம் மட்டுமல்ல, நூலளவுகூட எங்களுக்கு உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. விசுவாசிகளான நீங்கள் எல்லோரும் என்னைப் போல அவசரப்படாமல் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தொன்றாம் வருஷம், ஆடி மாதம். எங்கள் மகள் எஸ்தருக்கு அப்போது ஆறு மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. தலை மட்டும் உடம்பை முந்திக்கொண்டு வளர்ந்தது. உச்சிக்குழி பொம்மென்று மேலே எழுந்து நின்றது. நெற்றியில் பச்சை நரம்பு ஓடியது. கழுத்து நிற்கவில்லை. அக்கம்பக்கத்தில், "தலை பெருசுங்க, கலெக்டரு ஆயிருவா பாருங்க" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி ஞானம்மா சிரிக்கவில்லை.

திருப்பூர் டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து மதராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இருந்த மூளை டாக்டர் குழந்தையின் தலையில் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தட்டிக் கேட்டார். படம் எடுத்தார்கள். மூளைக்குள் ஊறுகிற நீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறது என்றார்.

"உடனே ஆபரேஷனுங்களா?" என்று கேட்டேன்.

"அதைத்தான் முடிவு பண்ணணும்" என்றார். "சில குழந்தைகளுக்கு இது தானாவே நின்னுடும். நின்னுட்டா கத்தி வேண்டாம். தலையிலிருந்து வயித்துக்குக் குழாய் வைக்கலாம். ஆனா அதுவும் சும்மா இருக்காது. அடைச்சுக்கும், சீழ் பிடிக்கும், பிள்ளை வளர வளர மாத்தணும். நிக்கலைன்னா வெச்சே ஆகணும். தாமதமானா கண்ணு போகும், புத்தி போகும். வாரம் ஒரு தடவை தலையைச் சுத்தி அளந்து எழுதி வையுங்க. அளக்கத் தெரியுமா?"

ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நான் சிரித்தேன். "பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டருங்க நானு. பன்னெண்டு வருசமா அளக்கறதுதானுங்க பொழப்பு."

"அப்போ உங்களைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார்" என்றார் அவரும் சிரித்துக்கொண்டே.

தன் டேப்பால் அளந்து ஒரு சீட்டில் நாற்பத்தாறு சென்டிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தார். மாதத்துக்கு அரை சென்டிமீட்டர் வளர்ந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் உடனே ரயில் ஏறிவிட வேண்டும் என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "வாந்தி எடுத்தாலோ, எந்நேரமும் தூங்கினாலோ, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிஞ்சாலோ, டேப்பைப் பார்க்காதீங்க. குழந்தையைப் பார்த்துட்டு ஓடி வாங்க."

அவர் இரண்டு சொன்னார். நான் ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மற்றதை ஞானம்மா கொண்டுவந்தாள்.

கட்டிங் மாஸ்டர் என்றால் கழுத்தில் எப்போதும் டேப் கிடக்கும். பூசாரிக்கு மணி போல. என் டேப் எண்ணெய்ப் பூச்சுப் போட்ட துணி டேப். நான் மாஸ்டர் ஆன நாளிலிருந்து ஒரே டேப்தான். அதை மாற்றினால் ராசி போய்விடும் என்று எங்கள் தொழிலில் ஒரு எண்ணம் உண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன். விசுவாசிக்கு என்ன ராசி என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

மறு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, ஜெபம் செய்துவிட்டு, அந்த டேப்பால் எஸ்தரின் தலையை அளந்தேன். நாற்பத்தைந்து.

திரும்பவும் அளந்தேன். நாற்பத்தைந்தேதான். ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது! நான் அழுதுவிட்டேன். ஆண்டவர் கை வைத்துவிட்டார் என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டில்கூடக் கேட்டிருக்கும்.

அதன் பிறகு அளவு மெல்ல ஏறியது. நாற்பத்தைந்தரை, நாற்பத்தாறு. நான் கலங்கவில்லை. டாக்டர் எழுதிய நாற்பத்தாறைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எட்டு வாரத்தில் நாற்பத்தேழு. இரண்டு மாதத்துக்கு ஒன்று. டாக்டர் சொன்ன கணக்கு அப்படியே பொருந்துகிறது. நான் எழுதிய சீட்டை மட்டும் வரிசையாகப் படித்திருந்தால் நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தேழு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். ஆனால் ஆசைப்பட்டவன் கண்ணுக்கு வேண்டியதுதான் தெரியும்.

அந்த எட்டாவது ஞாயிறு சபையில் எழுந்து நின்றேன். கத்தி வேண்டாம், கர்த்தரே வைத்தியர் என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கூட எழுந்து நிற்க வேண்டிய ஞானம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி இருந்தாள். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

மத்தியானம் வீட்டில் எஸ்தர் குடித்த பாலை எல்லாம் கக்கினாள்.

"ஏனுங்க, இது மூணாவது நாளுங்க" என்றாள் ஞானம்மா. "கண்ணையும் பாருங்க. கருமுழி கீழயே போகுது. என் மொகத்த நிமுந்து பாக்கவே மாட்டேங்குது."

"பால் சேரலன்னா கக்கத்தான் செய்யும். இப்பத்தான் சபையில சொல்லிட்டு வந்திருக்கறேன். அவிசுவாசமாப் பேசாத."

"நான் பேசறது அவிசுவாசமுங்களா?"

"அளவு நாப்பத்தேழுதான் இருக்குது. டேப்பு பொய் சொல்லுமா?"

"டேப்புக்குக் கண்ணு இல்லீங்க. எனக்கு இருக்குது."

சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். உள்ளே அவள் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுவது வாசல்வரை கேட்டது. இத்தனை நாளும் நாங்கள் இருவரும் சேர்ந்து, தலை வளரக் கூடாது, ஆபரேஷன் கூடாது என்றுதான் கேட்டுவந்தோம். அன்று அவள் அப்படிக் கேட்கவில்லை.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்குது. கத்தி வேணுமா வேண்டாமான்னு எங்களுக்குத் தெரியல. உள்ளது எதுவோ அத இவருக்குக் காட்டும். சீக்கிரமாக் காட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. வீம்பு விடவில்லை. ஆனாலும் வாசலில் நின்றபடியே ஆமென் என்று சொன்னேன். வாயளவுக்குத்தான் சொன்னேன். அதையும் ஆண்டவர் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியில் கை வைத்த பனியன் அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு மேசை போதாது என்று முதலாளி பக்கத்து மேசையில் புது மாஸ்டர் ஒருவரைப் போட்டிருந்தார். உடம்பை நான் வெட்ட வேண்டும், கைகளை அவர் வெட்ட வேண்டும். பத்து மணி இருக்கும். வெட்டிய துணியை மூட்டித் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த பழனிச்சாமி மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தினான்.

"மாஸ்டரே! கை ஒரு ஊருக்குப் போகுது, ஒடம்பு ஒரு ஊருக்குப் போகுதுங்க. சேர மாட்டேங்குது!"

நான் போய்ப் பார்த்தேன். கை பொருந்த வேண்டிய வளைவு, கையைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருந்தது. புது மாஸ்டர்தான் தப்பாக வெட்டிவிட்டார் என்று நான் ஏசினேன். அவர் தன் டேப்பை நீட்டினார். கடையிலிருந்து வந்த புதுசு. பழனிச்சாமி என் கழுத்திலிருந்த டேப்பை உருவி, இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீவினான்.

"அடடா! மாஸ்டர் டேப்பு மாமியார் ஊட்டு விருந்தாட்டம் நீண்டுக்கிட்டே போகுதுங்க!"

மெஷினில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பன்னிரண்டு வருஷம் இழுத்து இழுத்துப் பிடித்ததில் என் டேப் நீண்டுபோயிருந்தது. அதில் நாற்பத்தேழு என்று இருந்த இடம் புது டேப்பில் நாற்பத்தெட்டரையைத் தொட்டது. உடம்பு, கை எல்லாம் நானே வெட்டும்போது ஒன்றுக்கொன்று பொருந்திப் போனது. மிச்சத்தைப் பனியன் துணி இழுபட்டுச் சமாளித்துக்கொண்டது. அதனால் யாருக்கும் தெரியவில்லை. துணி பொறுத்துக்கொள்ளும். பிள்ளையின் தலை பொறுக்குமா?

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க மாஸ்டர், ஒரு டேப்புக்குப் போயி இப்பிடி மொகம் வெளுத்துப்போச்சு?" என்றான் பழனிச்சாமி.

"புள்ளையோட தலைய இதுலதான்டா அளந்துக்கிட்டு இருந்தேன்."

சிரிப்பு நின்றது. அவன் புது டேப்பை என் கையில் திணித்தான். "போங்க. இங்க நாங்க பாத்துக்கறம்."

ஓடினேன். ஞானம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையின் தலையைச் சுற்றிப் பிடித்தேன். நாற்பத்தெட்டரை. இரண்டு மாதத்தில் இரண்டரை சென்டிமீட்டர். அப்போதுதான் எஸ்தரின் கண்ணை உண்மையாகப் பார்த்தேன். கருவிழி பாதி கீழே போய், மேலே வெள்ளை தெரிந்தது. அஸ்தமிக்கிற சூரியன் போல. இத்தனை நாளும் அது என் எதிரில்தான் இருந்தது.

"ஞானம்மா, நீ சொன்னதுதான் நெசம்" என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. பிள்ளையின் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

அன்று மாலை ரயிலுக்கே கிளம்பினோம். போகிற வழியில் எங்கள் சபை உபதேசியார் வீட்டில் நின்றேன். "ஐயா, ஞாயித்துக்கிழமை நான் சொன்னது பொய்யிங்க. இப்ப ஆபரேஷனுக்குப் போனா ஆண்டவர் பேரு கெட்டுப் போகாதுங்களா?" என்றேன்.

"பொய் இல்ல தம்பி, அவசரம்" என்றார் அவர். "ஆண்டவர் பேர அவரே காப்பாத்திக்குவார். அதுக்கு உம் புள்ள கண்ணு வேண்டாம். ரயிலு போயிரும், போ."

ஸ்டேஷனில் பழனிச்சாமி சைக்கிளோடு நின்றிருந்தான். "நீங்க உங்க சாமிகிட்டக் கேளுங்க. நான் முருகங்கிட்டச் சொல்லிப்போட்டேன். யாரு காதுல விழுந்தாலும் கொழந்தைக்குத்தானுங்க" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மதராஸில் டாக்டர் அளந்தார். நாற்பத்தெட்டரைதான். ஒரு கருவியை வைத்து நெடுநேரம் கண்ணுக்குள் பார்த்தார். நான் டேப் கதையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கண் நரம்பு இன்னும் கெடலை. ஆனா இனி காத்திருக்க முடியாது. இன்னும் ஒரு மாசம் கழிச்சு வந்திருந்தா நான் வேற பதில் சொல்லியிருப்பேன்" என்றார்.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பிழைக்காமலும் போகலாம் என்று அந்தத் தாளில் இருந்ததை நர்ஸ் படித்துக் காட்டினார். பேனாவை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்த நேரத்தில்கூட, இன்னும் ஒரு தடவை அளந்து பார்க்கலாமா என்று என் மனம் கேட்டது. ஞானம்மா என் முழங்கையைத் தொட்டு, "உள்ளதக் காட்டிட்டாருங்க. இனிப் போடுங்க" என்றாள். போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். கதவைச் சாத்தினார்கள். அந்த மூன்று மணி நேரம் நான் இதுதான் வேண்டும் என்று எதையும் கேட்கவில்லை. கேட்கத் தெம்பு இல்லை. "நீர் இருக்கிறீர், நீர் இருக்கிறீர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று இருந்த அளவுக்கு அதற்கு முன்னால் நான் ஆண்டவர் பக்கத்தில் இருந்ததே இல்லை.

மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. சீழ் பிடித்துவிட்டதோ என்று டாக்டரே கவலைப்பட்டார். நாலாம் நாள் காலை காய்ச்சல் இறங்கியது. ஞானம்மா குனிந்து, "கண்ணு, எஸ்தரு" என்று கூப்பிட்டாள். பிள்ளை கண்ணைத் திறந்தாள். கருவிழி மெல்ல மேலே வந்து தாயின் முகத்தில் நின்றது. ஞானம்மா சத்தம் போட்டு அழுததில் வார்டே திரும்பிப் பார்த்தது.

இப்போது எஸ்தருக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். மூன்றரை வயதில்தான் நடந்தாள். குழாய் ஒரு தடவை அடைத்துக்கொண்டு, திரும்பவும் மதராஸ் போய் மாற்றி வந்தோம். ஒரு கண்ணில் லேசான மாறுகண் உண்டு. அதை மறைத்துச் சாட்சி சொல்ல மாட்டேன். ஞாயிறு பள்ளியில் பாட்டுப் பாடும்போது எல்லோருக்கும் ஒரு வரி முன்னால் ஓடிவிடுகிறாள். அவளை இழுத்துப் பிடிக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

அந்த முதல் ஆபரேஷன் முடிந்து ஊருக்குத் திரும்பிய ஞாயிறே சபையில் எழுந்து, முன்பு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை ஞானம்மாவும் கூட நின்றாள். சிலருக்கு ஏமாற்றம்தான். கத்தி படாமல் நடந்திருந்தால் அவர்களுக்கு இன்னும் பிடித்திருக்கும். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தவன்தானே. நான் கேட்டது கிடைக்கவில்லை. என் மனைவி கேட்டது இரண்டே நாளில் கிடைத்தது. ஒரு பனியன் கை பொருந்தாமல் போனதில் ஆண்டவர் எனக்குப் பதில் சொன்னார். அவர் அதைவிடச் சின்ன வழியிலும் பேசுவார்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது என்னைப் போல, பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று வாயால் சொல்லிக்கொண்டு உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கலாம். உங்களுக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பயத்தை அவரிடம் மறைக்காதீர்கள். அதையே ஜெபமாகச் சொல்லுங்கள். பதில் கத்தியாக வந்தாலும் கையை நீட்டுங்கள். நீங்கள் நினைத்த பதிலை அவர் தராமல் போகலாம். ஆனால் கேட்ட பிள்ளையைக் கைவிடாதவர் அவர். அதற்கு எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது, வந்து பாருங்கள். வந்தால் பாடாமல் விடமாட்டாள்.