பாண்டியம்மா அக்காவுக்கு நான் ஒட்டிய குரல்

படிகாரம் கலந்த தண்ணீரில் வாழைச்சீப்புகள் மிதக்கும். அந்தத் தொட்டிப் பக்கம் போனாலே மூக்கில் ஒரு துவர்ப்பு ஏறும்... வாழைப்பாலும் ஈர அட்டைப்பெட்டியும் கலந்த வாசனை.

சின்னமனூர் பக்கம், காயைக் கழுவிப் பெட்டியில் அடைக்கிற ஒரு பேக் ஹவுஸ். வெளிநாட்டுக்கு வாழைக்காய் அனுப்புகிற கம்பெனி. என் முதல் கார்ப்பரேட் வீடியோ அங்கேதான்.

அதுவரைக்கும் எனக்குத் தெரிந்தது கல்யாண வீடியோ மட்டும். ஊர் கோம்பை, வேலை தேனியில் ஒரு ஸ்டுடியோவில். தாலி கட்டும்போது ஸ்லோ மோஷன், மாப்பிள்ளை திரும்பினால் பூ கொட்டுகிற எஃபெக்ட்... அவ்வளவுதான் என் ஞானம். முதல் நாள் வாழைத்தாரையே மணப்பெண் மாதிரி சுற்றிச் சுற்றி எடுத்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் யூட்யூபே கதி என்று கிடந்தேன். ஒரே வேலையைத் தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, கையை மட்டும் ஒன்று என்று எடுக்க வேண்டும். ஆளைப் பேசவைத்து, பேச்சுக்கு மேலே வேலையைக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இது ஒன்று நன்றாக வந்துவிட்டால் கல்யாண மண்டபங்களிலிருந்து தப்பித்துவிடலாம் என்று அப்படி ஒரு வெறி.

பேசுவதற்குக் கிடைத்தவர் பாண்டியம்மா அக்கா. சுருளிப்பட்டியிலிருந்து கம்பெனி வேனில் வருவார். சீப்பு கழுவுகிற பெண்களுக்கு அவர்தான் சூப்பர்வைசர். கேமராவைப் பார்த்துக் கொஞ்சம்கூட மிரளவில்லை.

"எங்க அய்யா காலத்துல தார வெட்டித் தோள்லயே தூக்கி வருவாக தம்பி. ஒரு காய் நசுங்கியிருந்தாலும் யாவாரி வெலயக் கொறச்சுப்புடுவாக. இப்ப நாங்க பச்சப்புள்ளயக் குளிப்பாட்டுற மாதிரியில்ல கழுவி அனுப்புறோம்..."

ஒரே டேக். கையில் சீப்பு, முகத்தில் சிரிப்பு. எனக்குப் புல்லரித்தது.

கம்பெனி எம்.டி. அதைப் போட்டுப் பார்த்தார். "எல்லாம் நல்லாருக்கு தம்பி. இந்த வருவாக, போவாக மட்டும் வேணாம். வெளிநாட்டுல பாப்பாக. டீசன்டா இருக்கணும்ல."

வெளிநாட்டுக்காரனுக்கு 'வருவாக'வும் ஒன்றுதான், 'வருவார்கள்' என்பதும் ஒன்றுதான். அவன் படிக்கப்போவது கீழே ஓடுகிற இங்கிலீஷை. அந்த வார்த்தையைக் குறை சொன்ன மூச்சிலேயே எம்.டி.யும் 'பாப்பாக' என்றார். அன்றைக்கு இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை.

"கரெக்ட் சார்" என்றேன்.

மறுபடி எடுத்தேன். 'தூக்கி வருவார்கள்' என்று சொல்லச் சொன்னேன். அக்கா 'வருவாக...' என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். பன்னிரண்டு டேக். அட்டைப்பெட்டி மூடியில் வசனத்தை எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் மனப்பாடம் செய்துவிட்டு வந்தார். மறுநாள் வார்த்தை சரியாக வந்தது. சிரிப்பு போய்விட்டது.

"போதும்கா, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"நல்லா வந்துருமா தம்பி? எங்க தெருவுல எல்லாத்துக்கும் சொல்லிட்டேன், வீடியோவுல நான் பேசுறேன்னு."

நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்... முதல் டேக்கின் முகத்தை வைத்துக்கொண்டேன். சென்னையில் ஒரு பெண் குரல் பிடித்து, சுத்தத் தமிழில் பேசவைத்து, மூன்று நாள் உட்கார்ந்து உதட்டசைவுக்குப் பொருத்தினேன். அச்சாகப் பொருந்தியது. எடிட்டிங் கைக்கு வந்துவிட்டது என்று அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஆயுத பூஜைக்கு பேக் ஹவுஸிலேயே ஸ்கிரீன் கட்டி வீடியோவைப் போட்டார்கள். பாண்டியம்மா அக்கா புதுச் சேலையில், வீட்டுக்காரரையும் மகளையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் அவர் முகம் வந்தது. வாய் திறந்தது. வேறு யாரோ பேசினார்கள்.

"அம்மா, இது ஒன் சத்தமில்லயே?" என்றது அந்தப் பிள்ளை.

பின்னாலிருந்து ஒரு பெண், "ஆத்தாடி, பாண்டியம்மா மெட்ராஸ்காரியாயிட்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல். பொரி வாங்கக்கூட நிற்காமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டார். எம்.டி. எனக்குச் சால்வை போட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவின் சொந்தக் குரலை அன்றே தேடினேன். இல்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு மெமரி கார்டு வேண்டுமென்று நானே அழித்திருந்தேன்.

அந்த வீடியோவைக் காட்டித்தான் எனக்கு வரிசையாக வேலை வந்தது. மில், பள்ளிக்கூடம், ஏலக்காய்க் கம்பெனி... இப்போது தேனியில் சொந்த ஆபீஸ். காலரில் குத்துகிற மைக், காதுக்கு நல்ல ஹெட்போன், எல்லாம் இருக்கிறது. காலமும் மாறிவிட்டது. "சார், நேட்டிவ் ஸ்லாங்ல பேசுற ஆளா வேணும், அப்பத்தான் ரியலா இருக்கும்" என்று இப்போது கம்பெனிக்காரர்களே கேட்கிறார்கள். அன்றைக்குக் குப்பையில் போட்டதைத்தான் கேட்கிறார்கள்.

போன மாதம் அதே பேக் ஹவுஸிலிருந்து அழைப்பு. புது வீடியோ. பாண்டியம்மா அக்கா அதே தொட்டிப் பக்கம்தான் நின்றார். தலை பாதி நரைத்திருந்தது. மைக்கைக் குத்திவிட்டு, "நீங்க வேலையப் பத்திப் பேசுங்கக்கா" என்றேன்.

தலையாட்டினார். ரெக்கார்டு போட்டேன். வாய் நன்றாக அசைகிறது, கை சீப்பைக் காட்டுகிறது, முகத்தில் சிரிப்புகூட இருக்கிறது. ஹெட்போனில் தண்ணீர் சத்தம் மட்டும். மைக் போய்விட்டதோ என்று வயரைப் பிடுங்கி மாட்டினேன். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அக்கா, சத்தமே வரல... சத்தமாப் பேசுங்க."

"எதுக்குத் தம்பி சத்தம்? பெறகு நீங்கதான் ஆளு வச்சுப் பேசிக்கிருவீகளே. நான் வாய அசைச்சாப் போதும்ல?"

குத்தலாகச் சொல்லவில்லை. என் வேலையைச் சுலபமாக்குவதாக நினைத்துத்தான் சொன்னார். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.