தோசை கற்றுக்கொள்ள வந்தவர்

தாபோடி என்ற மராட்டி ஊரில், எங்கள் வரிசை வீடுகளில் ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீடு தும்மும். அப்படிப்பட்ட இடத்தில், தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு டி.பி. வந்தது. மருந்து தொடங்கிச் சில வாரம் ஆனதும், இனி யாருக்கும் தொற்றாது, ஆனால் மாதக்கணக்கில் மாத்திரையை விடாமல் வெறும் வயிற்றில் விழுங்கவேண்டும் என்றார் டாக்டர். இதை அக்கம்பக்கத்துக்கு யார் விளக்குவது? தெரிந்தால் என் மூன்று வயது மகளை ஒரு வாசலிலும் சேர்க்கமாட்டார்கள். அந்தப் பயம்தான் நோயைவிடப் பெரிதாக இருந்தது.

மாத்திரை தந்தது ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம். அதைக் கையில் கொடுத்தனுப்பமாட்டார்கள். தினமும் ஒருவர் வீட்டுக்கே வந்து, கண்ணெதிரே விழுங்கவைத்துவிட்டுத்தான் போவார். எனக்கு வாய்த்தவர் ஒரு மராட்டி அம்மாள். ஊர் வழக்கப்படி மாவுஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவேன். விழுங்கியதும் “ஜீப் தாகவ்!” என்பார். நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். “நாக்கைக் காட்ட நான் என்ன காளியா?” என்று தமிழில் முனகிக்கொண்டே காட்டுவேன்.

“மதம் மாறச் சொல்வாங்களோ?” என்று என் கணவர் கவலைப்பட்டார்.

“இதுவரைக்கும் ரெண்டாவது தோசைதான் கேட்டிருக்காங்க” என்றேன்.

தோசை நான் சொன்ன பொய்யால் வந்தது. பக்கத்து வீட்டு வேலூர்க்காரி, “யாருக்கா அவங்க, தெனமும் வராங்க?” என்று கேட்டபோது, “எங்கிட்ட தோசை சுடக் கத்துக்க வராங்க” என்று உளறிவிட்டேன். “உங்ககிட்டயா!” என்று அவள் சிரித்தாள். சிரிக்கமாட்டாளா? எனக்கே உளுந்து அளவு சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். என் மகள் பாதி நாள் அவள் வீட்டில்தான் சாப்பிட்டாள். அந்தப் பொய்யைக் காப்பாற்ற நான் தினமும் கல்லைப் போடவேண்டியதாயிற்று.

கல் காயும் நேரத்தில் மாவுஷி தன் நிறுவனத்தின் கதையைச் சொல்வார். ஆரம்பத்தில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரே அறை, நர்ஸ் வேலை தெரிந்த ஒரே சிஸ்டர். மருந்து வாங்கிப் போனவர்கள் இருமல் நின்றதும் மாத்திரையைப் பரணில் போட்டுவிட்டு, முற்றிய நோயோடு திரும்பி வந்தார்கள். சிஸ்டர் மனம் விட்டுப்போய் உட்கார்ந்திருந்தபோது, குணமான ஒருத்தி, வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள், “நான் போய் அவங்க வாசல்ல நிக்கிறேன்” என்றாளாம். அன்றிலிருந்து குணமானவர் அடுத்த நோயாளியின் வீட்டுக்குப் போவது வழக்கமாயிற்று. மாவுஷியும் ஒரு காலத்தில் நாக்கைக் காட்டியவர்தான். ஜெபம் பற்றி நான் கேட்டால், “அதை நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன், நீ விழுங்கு” என்பார்.

கடைசி மாத்திரையை விழுங்கிய அன்று என் கன்னத்தைக் கிள்ளி, “இனி உன் முறை” என்றார். வழியனுப்ப வாசலுக்கு வந்தேன். குழாயடியில் நாலைந்து பேர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேலூர்க்காரியும் நின்றாள். சில வாரங்களாகவே அவள் கணவர் இருமுவது சுவர் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“அக்கா, நாளையிலேர்ந்து எங்க வீட்டுக்கு வாங்க. எனக்கும் தோசை சுடக் கத்துக் குடுங்க.”

மாவுஷி துளியும் வியக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் என் பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள்.

கிட்டே போய் மெதுவாகச் சொன்னேன்: “காலையில அவரை வெறும் வயித்தோட இருக்கச் சொல்லு. வரேன்.”