வெள்ளைப் பூவுக்குக் காத்திருந்தோம்

ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டிப் பிழைத்தவன் நான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தானாகப் பழகிக்கொண்டதால், மல்லசமுத்திரம் பக்கம் சேலை விற்கப் போகும் ஊர் ஒன்றில் எந்தக் கடுதாசி வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். ஒரு வருசம் அங்கே நான் கொண்டுபோனது சேலை அல்ல, கவர்னர் துரைக்கு ஒரு மனு.

அந்த ஊர்க் குடியானவன் ஒருவனுக்குத் தூக்குத் தீர்ப்பாகியிருந்தது. பங்குக் கிணற்றில் யார் முதலில் தண்ணீர் இறைப்பது என்று தகராறு; மண்வெட்டியால் பங்காளியை அடித்துவிட்டான். அப்பீலும் தள்ளுபடி. "ஊரே உயிர்ப்பிச்சை கேட்டா, அதுலயும் செத்தவனோட அப்பனே கேட்டா, கவர்னர் மனசு இளகலாம். சுணங்காதீங்க" என்றார் சேலத்து வக்கீல் குமாஸ்தா.

கோயில் வாசலில் மனுவை உரக்கப் படித்து, எல்லாரும் கீழே பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்றேன்.

"ஏனுங்க தறிக்காரரே, ரேகை வெச்சா காடு தோட்டம் போயிருமுங்களா?" என்றான் ஒருவன்.

"உங்காடு மொட்டப் பாறை. அதையா கவர்னரு தூக்கிட்டுப் போறாரு?" என்றான் இன்னொருவன்.

சிரித்தார்கள். ஒரு கையும் நீளவில்லை. எல்லார் கண்ணும் செத்தவனின் அப்பா மேலேயே இருந்தது.

"எம்மவன் போயிட்டான். இவனுந் தொங்கி எனக்கு ஆகப்போறது என்னங்க? வெக்கறேன். ஆனா ஆத்தாகிட்டப் பூக் கேக்காம வெக்க மாட்டேன்" என்றார் பெரியவர்.

பெண் எடுக்கவும் கிணறு வெட்டவும் அங்கே அம்மன் உத்தரவு வேண்டும். வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் தனித்தனி இலைப் பொட்டலமாகக் கட்டி, குலுக்கிப் போட்டு, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம்.

சிவப்பு வந்தது.

"இன்னொருக்காப் பாக்கலாங்களா?" என்றேன்.

"ஆத்தா என்ன உங்க தறிநூலுங்களா, அறுந்ததும் முடி போட? அடுத்த அமாவாசைக்குப் பாக்கலாம்" என்றார் பூசாரி.

தீர்ப்பானவனின் பெண்சாதி பெரியவர் காலில் விழுந்தாள். "ஆத்தா பொறுப்பா மாமா. கயிறு பொறுக்குமுங்களா?"

அவர் அழுதார். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டார். "உத்தரவில்லாம வெச்சு, அதுவே அவனுக்குக் கெடுதலா முடிஞ்சா என்ன பண்றது சாமி?" கல்மனசு யாருக்கும் இல்லை. பயந்தார்கள், அவனுக்காகவும் சேர்த்துத்தான்.

அடுத்த அமாவாசைக்கு வெள்ளை வந்தது. அப்படி ஒரு சந்தோசத்தை நான் அந்த ஊரில் பார்த்ததில்லை. ரேகை மைக்கு விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தோம். பெரியவர் முதலில் ரேகை வைத்தார். பிறகு பெண்டுகள்கூட முண்டியடித்தார்கள். ஒருவர் இரண்டு தரம் அழுத்தினார்: "ரெண்டாவது எம்பொண்டாட்டிக்குங்க, களையெடுக்கப் போயிருக்கறா!"

மறுநாள் சேலத்தில் குமாஸ்தா காகிதத்தை வாங்கினார். படிக்காமலே திருப்பி நீட்டினார். "நேத்து விடியக்காலம் முடிஞ்சுபோச்சுங்க" என்றார். தூக்கு நாளைச் சொல்லி ஜெயிலிலிருந்து வீட்டுக்கு எழுதின கடுதாசி தாலூக்கா ஆபீசிலேயே கிடந்ததாம். நாங்கள் பூக் கேட்டபோதே அவன் இல்லை.

திரும்பி வந்தபோது ஊர் எல்லையில் அவன் பெண்சாதி நின்றிருந்தாள், பக்கத்தில் பெரியவர். மனுக் காகிதம் என் கையிலேயே திரும்பி வந்திருப்பதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை வாங்கி, ரேகைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை பேரும் வெச்சாங்கன்னு அவருக்கு யாராச்சும் சொன்னாங்களாங்க?"

பெரியவர் பெருவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். எண்ணெய்க் கரி, லேசில் போகாது.