சாமை வராத மில்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குப் போதும் என்று தோன்றிவிட்டது. பிறகு வாணியம்பாடியில் தோல் கிடங்கு, பெங்களூரில் ஓட்டல், நடுவில் சில லாரிகள். சலித்தால் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். சொந்தத் தொழில் செய்யலாம் என்று ஜவ்வாது மலையில் சாமை உரிக்கும் மில் போட்டபோதுதான் அதில் ஒரு சிக்கல் தெரிந்தது: மிஷினைப் பையில் வைக்க முடியாது.

மலையில் சாமை விளைகிறது. உமி நீக்க மூட்டையோடு கீழே இறங்குகிறார்கள். மேலேயே மிஷின் இருந்தால் என்னிடம் வருவார்கள். இவ்வளவுதான் என் யோசனை. அறுப்பு முடிகிற நேரத்தில் திறந்தேன். ஊரே வந்து பார்த்தது. சுவிட்சைப் போட்டுக் காட்டியதும் கை தட்டினார்கள். மறுநாள் ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் இல்லை.

வீட்டுக்கு வீடு சாமை மூட்டை இருந்தது. "எப்ப கொண்டாருவீங்க?" என்று கேட்டால், "கொண்டாறோங்க, கொண்டாறோங்க" என்று சிரிப்பார்கள். எங்கள் ஒடுகத்தூர் பக்கம் யாராவது இப்படிச் சிரித்தால் வரமாட்டார்கள் என்று அர்த்தம்.

சும்மா இருக்கிற முதலாளிக்கு வேலை அதிகம். போர்டுக்கு வேறு வண்ணம் அடித்தேன். மிஷினை வாசல் பக்கம் திருப்பினேன். பிறகு பழையபடியே திருப்பி வைத்தேன். தானியம் இல்லாத மில்லுக்கு எலிகூட வரவில்லை. மனசு அடைத்துக்கொண்டால் ரோட்டு வளைவு வரை நடந்து, இறங்குகிற பஸ்ஸைப் பார்த்துவிட்டு வருவேன். அதற்கப்புறம் அடைப்பு இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா போனுக்குச் சார்ஜ் போட தினமும் மில்லுக்கு வருவார். அவர் வீட்டு பிளக் பழுது.

"இன்னா மொதலாளி, மிஷினு இன்னும் எழுந்துக்கலயா?"

"உங்க போனுக்குத்தாங்க்கா கரண்டு இழுத்து வெச்சிருக்கேன்."

ஒருநாள், இனி போதும் என்றாகிவிட்டது. போளூரில் லோடு வண்டி ஓட்டும் கூட்டாளியை வரச் சொன்னேன். காலையில் அவன் வந்ததும் மிஷினின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தோம். அக்கா சார்ஜரோடு வந்து நின்றார்.

"இன்னாத்துக்குக் கயட்றீங்க?"

"ஒருத்தரும் வரலியேக்கா. வேற ஊரு பாக்கறேன்."

"எப்டி வருவாங்க? புதுச் சாமைய ஒரல்ல குத்தி, ஆக்கி, சாமிக்குப் படைக்கணும். அதுக்கு முன்னாடி நாங்க வாயில வெக்க மாட்டோம். உங்க மிஷினுல போடுவோமா?"

"இத ஏன் யாருமே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? எப்ப வருவீங்கன்னீங்க. வர்றோம்னோம்."

கூட்டாளி டயர்மேல் சாய்ந்து சிரித்தான். படையல் எப்போது என்று கேட்டேன்.

"ஊர்ல கூடிப் பேசித்தான் நாள் வெப்பாங்க. அடுத்த வாரமும் ஆவும், அடுத்த மாசமும் ஆவும்."

"ஏத்தட்டுமா, போவட்டுமா? ஒண்ணு சொல்லுடா" என்றான் கூட்டாளி.

கீழே போனால் மறுபடி லாரியோ ஓட்டலோ கிடைக்கும். அது எனக்குக் கைவந்த வேலை. நாள் தெரியாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் பழக்கமில்லை. வண்டியையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நீ போ" என்றேன். "வந்ததுக்கு ஒரு டீ குடிச்சிட்டுப் போ."

படையல் அடுத்த வாரமும் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. நான் மறுபடியும் போர்டுக்கு வண்ணம் அடித்தேன். கடைசியில் நாள் வைத்தார்கள். மேளம் அடித்தது, எனக்கும் இலையில் சாமைச் சோறு வந்தது.

மறுநாள் விடிந்ததும் அக்கா முதல் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். பின்னால் ரோடு வரை மூட்டைகள். சுவிட்சைப் போட்டேன். அன்று கழற்றியதில் ஒரு போல்ட் புல்லுக்குள் எங்கோ போயிருந்தது; மிஷின் ஒரு காலைத் தூக்கித் தூக்கி ஆடியது. நான் அந்தக் காலை மிதித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா மொதலாளி, அங்கியே நிப்பீங்களா?"

"நகுந்தா மிஷினு ஓடிப் பூடுங்க்கா. கொட்டுங்க."